குனிந்த முதுகும் நிமிர்த்தும் வைத்தியமும்: இடுப்பு வலியின் கதை

சிவகாசி என்றாலே வெடிச்சத்தம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். விபத்து நடந்தால் பேப்பரில் முதல் பக்கம், தீபாவளி வந்தால் நடுப்பக்கம். ஆனால் அந்த ஊரில் சத்தமே போடாத ஒரு வலி இருக்கிறது. அதுதான் இடுப்பு வலி. காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாயங்காலம் எழுந்திருக்கும்போது ஒரு கையைத் தரையிலும் இன்னொரு கையை முட்டியிலும் ஊன்றி எழும் பெண்களை அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள்.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மறுவருடமே சிவகாசியில் தொழில் தொடங்கியது. பட்டாசு பின்னால் வந்தது. மழை பொய்க்கும் கரிசல் பூமிக்கு அது பெரிய வரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வேலையின் உருவத்தைக் கவனியுங்கள். குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, வெடிக்குழாய் சுருட்டுவது, திரி வைப்பது, சரம் பின்னுவது... எல்லாமே தரையில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, கையை மட்டும் ஆட்டிச் செய்யும் வேலை. கூலி செய்த எண்ணிக்கைக்கு. அதாவது எழுந்து இரண்டு நிமிடம் நடந்தால் அந்த இரண்டு நிமிடக் காசு போச்சு. (முதுகுக்கு நல்லதும் பைக்கு நல்லதும் நேர் எதிராக இருக்கும் கணக்கு இது. வணிகவியல் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும்.)

இடுப்பு பிடித்துக்கொண்டால் நம் ஊரில் முதலில் என்ன செய்வார்கள்? தைலம், உப்பு ஒத்தடம், நொச்சி இலை. அடுத்தது சுளுக்கு வழிப்பவர். கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கையும் உண்டு. சிரிக்க வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் நடந்ததும் பல காலம் இதைவிடப் பெரிய விஞ்ஞானமாக இருந்ததில்லை.

1934இல் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள், முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால் வலி வருகிறது என்று எழுதினார்கள். அது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு எல்லா இடுப்பு வலிக்கும் டிஸ்க்தான் காரணம் என்று ஆகிவிட்டது. நம் ஊர் பாஷையில் "ஜவ்வு விலகிருச்சு". 1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டிஸ்க் ஏதாவது ஓரிடத்தில் புடைத்திருந்தது! வலி இல்லாதவருக்கே அப்படியென்றால், வலி உள்ளவரின் படத்தில் தெரியும் புடைப்புதான் குற்றவாளி என்று எப்படி அடித்துச் சொல்வது?

உடற்பயிற்சியில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1937இல் டல்லாஸ் நகரத்து டாக்டர் பால் வில்லியம்ஸ், மனிதன் நிமிர்ந்து நின்றதுதான் தப்பு, இடுப்பின் உள்வளைவுதான் வில்லன், ஆகவே முழங்காலை நெஞ்சோடு சேர்த்து முன்னால் வளையுங்கள் என்றார். உலகமே குனிந்தது. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் ஒரு நோயாளி வந்தார். வாரக்கணக்கில் சிகிச்சை, முன்னேற்றம் இல்லை. அன்றைக்கு அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு மெக்கன்சி வேறு வேலையாகப் போய்விட்டார். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் தலைப்பக்கம் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. அதைக் கவனிக்காமல் இவர் அப்படியே குப்புறப் படுத்துவிட, முதுகு பின்பக்கமாக நன்றாக வளைந்துவிட்டது. அந்தக் காலத்துப் பாடத்தின்படி அது ஆபத்து. பதறிக்கொண்டு வந்தவரிடம் நோயாளி சொன்னது: வாரக்கணக்கில் இவ்வளவு சௌகரியமாக இருந்ததில்லை, கால் வலி போய்விட்டது!

அந்தத் தற்செயலில் இருந்துதான் மெக்கன்சி முறை வளர்ந்தது. 1981இல் புத்தகமாக வந்தது. எல்லோரும் பின்னால் வளையுங்கள் என்று அவர் சொல்லவில்லை. எந்தப் பக்கம் வளைந்தால் கால் வலி இடுப்புப் பக்கம் சுருங்கி வருகிறதோ, அந்தப் பக்கம் செய்யுங்கள் என்பதுதான் சாரம். மனிதர்கள் நாள் முழுக்க முன்னால் குனிந்தே கிடக்கிறார்கள், பின்னால் வளைய மறந்துவிட்டார்கள் என்பதும் அவர் வாதம். குழாய் சுருட்டும் சிவகாசிப் பெண்ணுக்கு வில்லியம்ஸைவிட இவர் பேச்சு பொருத்தமாகப் படுகிறது. ஸ்வீடனின் ஆல்ஃப் நாச்செம்சன் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தவர். நிற்கும்போது 100 என்றால் முன்னால் குனிந்து உட்கார்ந்தால் ஏறக்குறைய 185 என்றது அவர் கணக்கு. சாதாரணமாக உட்காருவது அவர் சொன்ன அளவுக்கு மோசமில்லை என்று 1999இல் ஜெர்மனியில் செய்த அளவீடு காட்டியது. குனிந்து உட்காருவது மட்டும் அதிலும் தப்பவில்லை.

இதற்கிடையில் மெஷின்கள் வந்தன. எடை கட்டி இழுக்கும் ட்ராக்ஷன், "கரண்ட் வைக்கிற" சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், பெல்ட். இன்றும் பல ஊர்களில் பிசியோதெரபி என்றால் ஜனங்கள் நினைப்பது இதைத்தான். ஆராய்ச்சி என்ன சொன்னது? 1995இல் நெதர்லாந்தில் 151 பேருக்கு நிஜ ட்ராக்ஷனும், இழுப்பது போல பாவனை செய்யும் ட்ராக்ஷனும் கொடுத்துப் பார்த்தார்கள். வித்தியாசமே இல்லை. 1990இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டெயோ குழு, நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 145 பேரிடம் கரண்ட் மெஷினையும் கரண்டே வராத டம்மி மெஷினையும் ஒப்பிட்டது. இரண்டும் ஒன்றுதான். அதே ஆய்வில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு ஒரு மாதத்தில் நிவாரணம் தெரிந்தது. ஆனால் சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலானோர் பயிற்சியை நிறுத்தியிருந்தார்கள், பலனும் காணாமல் போயிருந்தது. அந்தக் காலத்தில் மெஷின் தோற்ற செய்திதான் பெரிதாகப் பேசப்பட்டது. இரண்டாவது செய்திதான் முக்கியம் என்று தோன்றுகிறது.

தொழிற்சாலைப் பக்கம் வருவோம். 1969இல் ஸ்டாக்ஹோம் அருகே மரியான் ஃபோர்செல் என்ற பிசியோதெரபிஸ்ட் "முதுகுப் பள்ளிக்கூடம்" தொடங்கினார். எப்படி உட்கார, எப்படித் தூக்க என்று நாலு வகுப்பு. வோல்வோ கார் கம்பெனித் தொழிலாளர்களிடம் இதைப் பரிசோதித்து 1977இல் முடிவு வெளியிட்டார்கள். புதிதாக முதுகு வலி வந்தவர்களில், பள்ளிக்கூடம் போனவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். நம் நாட்டிலும் ஒரு நல்ல ஆய்வு உண்டு. 2008இல் வெளியானது. பெங்களூரு விவேகானந்தா யோகா நிறுவனத்தில் நாள்பட்ட வலி உள்ள 80 பேரை ஒரு வாரம் தங்க வைத்தார்கள். பாதிப்பேருக்கு யோகா, பாதிப்பேருக்குச் சாதாரண உடற்பயிற்சி. யோகா முந்தியது. (ஒரு வாரம் வேலை வெட்டி இல்லாமல் தங்கினால் யாருக்குத்தான் முதுகு சரியாகாது என்று கேட்காதீர்கள், இரண்டு கூட்டமும் தங்கித்தான் இருந்தது. ஆனால் ஒரு வாரம் என்பது குறைந்த காலம்தான்.)

2021இல் காக்ரேன் அமைப்பு 249 ஆய்வுகளைத் தொகுத்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடவும் வழக்கமான சிகிச்சையைவிடவும் மேல் என்றது. அற்புதம் இல்லை, ஓரளவு நிவாரணம். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் விளக்கிச் சொல்வது, முறையான உடற்பயிற்சி, மசாஜ் போன்றவை இடம்பிடித்தன. ட்ராக்ஷன், அல்ட்ராசவுண்ட், கரண்ட், பெல்ட் எல்லாம் வழக்கமாகத் தர வேண்டாம் என்ற பக்கம் போயின. சுளுக்கு வழிக்கிற பாட்டியின் கை பாஸ், மெஷின் ஃபெயில் :-)

காலில் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது போன்றவை இருந்தால் மட்டும் கதை வேறு. அதற்கு உடனே டாக்டர்தான்.

சரி, ஊருக்கு வருவோம். சிவகாசியில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. தினம் பஸ் ஏறி மெஷின் முன்னால் படுத்துக் கூலியை இழப்பதைவிட இது எவ்வளவோ மேல். குப்புறப் படுத்துக் கையை ஊன்றி நெஞ்சைத் தூக்க மெஷினும் வேண்டாம், பில்லும் வேண்டாம்.

ஆனால் டெயோவின் இரண்டாவது செய்தியை மறந்துவிடக் கூடாது. நிறுத்தினால் பலன் போய்விடும். தினமும் பயிற்சி செய்யவும், மணிக்கொரு தரம் எழுந்து நின்று பின்னால் வளையவும் நேரம் வேண்டும். பட்டாசு அறைக்குள் இரும்புச் சாமான் ஆகாது, உராய்ந்தால் பொறி பறக்கும். ஆகவே கண்ட நாற்காலியையும் கொண்டுபோய்ப் போட்டுவிட முடியாது. எழுந்து நிற்பதில் அப்படி ஆபத்து எதுவும் இல்லை. எண்ணிக்கைக் கூலியில் அந்த ஐந்து நிமிடம் யார் கணக்கில் எழுதப்படும் என்பதுதான் கேள்வி.  இங்கே சரம் பின்னுகிற கை நின்றால் கூலியும் நின்றுவிடுகிறது.