639-9: இரண்டு ஒயர்களின் வரலாறு

ஏலத்தில் எடுத்த பழைய பொக்லைன் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் த்ராட்டிலைத் திருப்பினால் வேகம் ஏறவில்லை. டிஸ்ப்ளேயில் 639-9 என்று ஒரு எண் வந்து நிற்கிறது. "எஞ்சின் கன்ட்ரோலர் போச்சு" என்று யாராவது சொல்வார்கள். கடன் வாங்கி அதை மாற்றினால், மாற்றிய பிறகும் அதே 639-9. செகண்ட் ஹேண்ட் இயந்திரம் வாங்குகிறவர்களிடம் பேசிப் பாருங்க, இதே மாதிரி ஒரு கதை கிடைக்கும்.

அந்த எண் எஞ்சினைப் பற்றிப் பேசவே இல்லை. 639 என்பது இயந்திரத்துக்குள் ஓடும் தகவல் வலையின் எண். பக்கத்தில் உள்ள 9-க்கு "வர வேண்டிய நேரத்தில் செய்தி வரவில்லை" என்று பொருள். அதாவது இது ஒரு கன்ட்ரோலர் சொல்லும் புகார். புகார் சொல்கிற கன்ட்ரோலர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ஏன் இப்படி ஒரு அமைப்பு வந்தது என்று தேடிப் போனபோது, இதன் கதை கட்டுமான இயந்திரங்களில் ஆரம்பிக்கவில்லை, கார்களில் ஆரம்பிக்கிறது என்று தெரிந்தது.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் ஊவே கீன்கே என்ற பொறியாளர் 1983-ல் ஒரு புதிய தகவல் தடத்தை வடிவமைக்கத் தொடங்கினார். ஒயரைக் குறைப்பதுதான் நோக்கம் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது கூடவே கிடைத்த லாபம்தான். ஒரு கன்ட்ரோலருக்குத் தெரிந்தது இன்னொன்றுக்கும் தெரிந்தால் புதுப்புது வசதிகளைக் கொண்டுவரலாம் என்பதே முதல் எண்ணம். 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் நடந்த எஸ்ஏஇ மாநாட்டில் இதை அறிமுகப்படுத்தினார்கள். பெயர் கேன். (தண்ணி கேன் இல்லீங்க!) அடுத்த வருடமே இன்டெல்லின் சிப் வந்துவிட்டது, பின்னாலேயே பிலிப்ஸும் வந்தது.

இந்த அமைப்பில் தலைவர் என்று யாரும் கிடையாது. முறுக்கிய இரண்டு ஒயர்கள், அதில் எல்லோரும் தொங்குகிறார்கள். இருவர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால், முக்கியத்துவம் குறைந்த செய்தியை அனுப்புகிறவர் தானாக நிறுத்திக்கொள்வார். எனக்கு மிகவும் பிடித்தது தவறைக் கையாளும் முறை. ஒவ்வொரு கன்ட்ரோலரும் தன் தவறுகளைத் தானே எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை 127-ஐத் தாண்டினால் அடக்கி வாசிக்கும். அனுப்புவதில் வந்த தவறுகள் 255-ஐத் தாண்டினால் வலையிலிருந்தே விலகிவிடும். கெட்டுப்போன ஒருவர் மற்றவர்களின் பேச்சைக் கெடுக்கக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆனால் ரிப்பேர் செய்கிறவருக்கு இதுவே தலைவலி. விலகியவர் மௌனமாகிவிடுவார், டிஸ்ப்ளேயில் வருவது மிச்சம் இருப்பவர்களின் புகார் மட்டும்தான்.

சரி, இது பொக்லைனுக்கும் லோடருக்கும் எப்படி வந்தது? புகை வழியாக! அமெரிக்காவில் சாலைக்கு வெளியே ஓடும் டீசல் எஞ்சின்களுக்கான முதல் கட்டப் புகை விதிகள் 1996-லிருந்து படிப்படியாக வந்தன. அடுத்தடுத்த கட்டங்கள் இறுகியபோது, கேபிள் இழுத்து இயக்கும் பழைய பம்பு பல எஞ்சின்களுக்குப் போதவில்லை. எரிபொருளை அளந்து விட எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் வந்தது. ஹைட்ராலிக்ஸுக்கு ஒன்று, டிஸ்ப்ளேக்கு ஒன்று. இவையெல்லாம் பேசிக்கொள்ள, கேனின் மேல் எஸ்ஏஇ கட்டிய பொது மொழிதான் ஜே-1939. வினாடிக்கு 2,50,000 பிட், முதுகெலும்பு ஒயரின் நீளம் அதிகபட்சம் 40 மீட்டர், இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர்.

இந்த 120 ஓம் சமாச்சாரத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒயரின் முனையில் போய் முட்டும் சிக்னல், சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பி வரும். அதை விழுங்கத்தான் ரெசிஸ்டர். இரண்டு 120-ம் பக்கவாட்டில் சேர்ந்தால் 60. அதனால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தில் உள்ள வட்டமான 9 பின் கனெக்டரில் சி, டி என்ற இரு பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்தால் 60 பக்கம் காட்ட வேண்டும். (சில கம்பெனிகள் வேறு கனெக்டர் வைத்திருக்கும், சில இயந்திரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வலைகள் இருக்கும். ஒயரிங் படத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.) 120 காட்டினால் ஒரு முனை ரெசிஸ்டர் காணோம், அல்லது நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. சுழியத்துக்குப் பக்கத்தில் என்றால் இரண்டு ஒயரும் எங்கோ உரசி ஒட்டிக்கொண்டன. 40 என்றால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள்.

பழைய இயந்திரம் என்பதன் அர்த்தம் இங்கேதான் வருகிறது. அந்த மூன்றாவது ரெசிஸ்டர், முந்தைய முதலாளி மாட்டிய ஜிபிஎஸ் பெட்டிக்குள் இருக்கலாம். காணாமல் போன ரெசிஸ்டர், யாரோ "இது என்ன மூடி, எதுக்கும் கனெக்‌ஷன் இல்லையே" என்று கழற்றிப் போட்ட பிளக்காக இருக்கலாம். நடுவில் மடியும் வீல் லோடரில் அந்த மடிப்பைத் தாண்டும் ஒயர், தினமும் வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கும், வெளியே தோல் மட்டும் முழுசாக இருக்கும். பிரஷர் வாஷ் அடித்ததில் கனெக்டருக்குள் தண்ணீர் போய்ப் பச்சைப் பாசி மாதிரி களிம்பு பிடித்திருக்கும். எலி கடித்ததும் உண்டு. பேட்டரியைக் கழற்றாமல் பக்கெட்டுக்கு வெல்டிங் வைத்திருந்தால் மட்டும், கன்ட்ரோலரையே சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

கம்பெனி சாஃப்ட்வேர் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். புதுக் கன்ட்ரோலரைப் புரோகிராம் செய்ய அது தேவை, அதைப் பூட்டி வைத்திருப்பது சின்ன மெக்கானிக்குகளுக்கு அநியாயம். ஆனால் அடியில் ஓடும் இரண்டு ஒயர்களின் விதிகள் எல்லோருக்கும் பொது. 60 ஓம் வந்துவிட்டதா? பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பி, ஒவ்வொரு ஒயரையும் பாடியோடு வைத்து அளங்கள். ஒன்று 2.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே, இன்னொன்று சற்றுக் கீழே, கூட்டினால் 5 பக்கம். இதில் கோணல் இருந்தால், சாவியை அணைத்து ஒரு கன்ட்ரோலரின் பிளக்கைக் கழற்றி, திரும்ப சாவி போட்டு அளங்கள். சரியாகவில்லையா, அதை மாட்டிவிட்டு அடுத்தது. எதைக் கழற்றியதும் வோல்ட்டேஜ் ஒழுங்காகிறதோ, அதுவும் அதற்குப் போகும் கிளை ஒயரும்தான் பார்க்க வேண்டிய இடம். முதலில் கிளை ஒயரைப் பாருங்க.