ஒரு கொழுந்து கடக்கும் படிகள்

தலவாக்கலை மலையில் பறிபடும் கொழுந்து கொழும்பு ஏலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், ஆங்கில இலக்கணத்தின் ஒப்பீட்டுப் பாடம் முழுவதையும் கடந்துவிடுகிறது.

பறிப்பது இரண்டு இலையும் ஒரு மொட்டும். இரண்டாம் இலை யங். அதைவிட முதல் இலை யங்கர். மூன்றிலும் மொட்டே ‘தி யங்கெஸ்ட்’. இரண்டை ஒப்பிட ‘அர்’, பலவற்றுள் ஒன்றை உயர்த்த ‘எஸ்ட்’. சின்னச் சொற்களுக்கு இதுவே வழி.

மடுவத்தில் நிறுவை முடிந்ததும் கொழுந்து ‘ஸ்டோர்’ எனப்படும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகிறது. அங்கே வாடி, அரைபட்டு, செம்பு நிறமேறி, சூட்டில் காய்கிறது. சுமார் நாலரை கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும்.

அடுத்தது சல்லடை. அது பிரிக்கும் தரங்களில் பி.ஓ.பி.யைவிடச் சிறியது பி.ஓ.பி.எஃப்.; அதைவிடவும் சிறியது டஸ்ட். ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலெஸ்ட். டஸ்ட் என்றதும் மட்டமான தேயிலை என்று பலர் எண்ணுகிறார்கள். சல்லடை அளந்தது துகளின் பருமனை, ருசியை அல்ல.

ருசியைச் சொல்வது சுவைப்பவரின் மேசை. ஐ.எஸ்.ஓ. 3103 விதிப்படி 100 மில்லி லீட்டர் நீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். எல்லாக் கோப்பைக்கும் ஒரே அளவு இருந்தால்தான் ஒன்றை மற்றதைவிட பிரைட்டர் எனலாம். டெலிகேட் போன்ற நீண்ட சொல்லோ ‘அர்’, ‘எஸ்ட்’ என்ற வால் ஏற்காது. முன்னால் மோர், மோஸ்ட் கேட்கும்.

பிறகு ஏலம். கொழும்பில் முதல் ஏலம் நடந்தது 1883 ஜூலை 30இல். அங்கே பேசப்படும் குட், பெட்டர், பெஸ்ட் எந்த விதிக்கும் அடங்காமல் சொல்லே மாறிப்போகும். லிட்டில், லெஸ், லீஸ்ட்டும் அப்படித்தான்.

தலவாக்கலை அடங்கிய திம்புள்ளப் பகுதியில் இவ்விரு வரிசைகளும் ஒரே பருவத்தில் சந்திக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட குளிரில் தேயிலையின் மணம் உச்சத்துக்குப் போகும். அதே வறட்சியில் செடி தளிர்ப்பது குறையும். ஏலத்தில் பெஸ்ட் என்று பெயரெடுக்கும் மாதங்களில் கூடையில் விழுவது லெஸ். நிறுவை குறைந்தால் பறித்தவருக்கு ‘அரைப் பேர்’, அதாவது அரை நாள் சம்பளம், விழும் பயம்.

ஆகவே ஒப்பிடும் எவரும் ‘எதில், எதைவிட’ என்று முதலில் சொல்லவேண்டும். ஏலத்தில் தேயிலையை அந்தப் பருவத்து மணத்தை வைத்து மதிக்கிறோம். பறித்தவரின் நிறுவையையும் அந்தப் பருவத்தில் செடி தந்ததோடு ஒப்பிடுவதே நியாயம்.