பத்தியம் படிக்கப் பணம் தந்தது யார்?



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேணும்னு கேட்டார்கள். சேமிப்பு எவ்வளவு, சுழல்நிதி எவ்வளவு, வங்கி இணைப்பு எத்தனை குழுவுக்கு என்பதையெல்லாம் பொருளாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் நம்ம தீர்மானப் புத்தகத்தில் இருக்கிற ஒரே ஒரு பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். அதில் செயலாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

நம்ம உறுப்பினர் ஒருத்தரின் மகள் ஊட்டச்சத்தும் உணவு முறையும் என்கிற பாடத்தில் எம்.எஸ்சி. முடித்திருந்தாள். நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் என்று சொல்வார்கள். அந்தப் படிப்பு படித்தவர்கள் பதிவு பெற்ற டயட்டீஷியன் ஆக வேண்டுமென்றால், பட்டம் மட்டும் போதாது. மருத்துவமனையில் ஆறு மாதம் பயிற்சி எடுத்து, அப்புறம் இந்திய உணவியல் சங்கம் நடத்துகிற தேர்வையும் எழுத வேண்டும். அவளுக்குச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. சம்பளம் கிடையாது. ஆறு மாத விடுதி, சாப்பாடு, பஸ் செலவுக்கு 45,000 ரூபாய் கடன் வேணும் என்று அவள் அம்மா மனு கொடுத்தார்.

கூட்டத்தில் ஒரு பெரியவங்க கேட்டாங்க: "சாம்பார் வைக்கிறதுக்கு எதுக்குடி மெட்ராஸ்ல ஆறு மாசம்?" எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். அப்புறம் பேனாவை எடுத்து, "படிப்பு முடிந்துவிட்டதால் கல்விக் கடனில் வராது, தொழில் எதுவும் தொடங்காததால் தொழில் கடனிலும் வராது, எனவே அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த கூட்டம் வருவதற்குள் பயிற்சியில் சேரும் தேதி போய்விட்டது.

அந்தப் பொண்ணு கோபப்படவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். "பெரியம்மா, உங்க அம்மா அந்தக் காலத்துல சத்துணவு லட்டு உருட்டினாங்கன்னு சொல்வீங்களே, அதுல மாவு எவ்வளவு, வெல்லம் எவ்வளவுன்னு யார் கணக்குப் போட்டுக் கொடுத்தா?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவளுடைய புத்தகங்களையே வாங்கிப் படித்தேன், அவளையே கேட்டேன், மதுரைக்குப் போனபோது நூலகத்திலும் பார்த்தேன். அதில் கிடைத்ததுதான் இது.

நம்ம மாநிலத்தில் சாப்பாட்டை ஒரு பாடமாக ஆராய ஆரம்பித்தது நீலகிரியில், குன்னூரில். 1918ல் அங்கே பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில், ராபர்ட் மெக்கரிசன் என்ற வெள்ளைக்கார மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தீட்டித் தீட்டி வெள்ளையாக்கிய அரிசியையே தின்கிறவர்களுக்குக் கால் மரத்துப்போய், நடக்க முடியாமல் போகிற நோய் அது. தவிட்டோடு போய்விடுகிற சத்துதான் காரணம். புழுங்கல் அரிசியில் அந்தச் சத்து ஓரளவு உள்ளேயே தங்கிவிடும். நம்ம பாட்டிமார்கள் நெல்லை அவித்துக் காயப்போட்டது சும்மா இல்லை. மெக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், காய், பருப்பு என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. மதராஸ் சாப்பாடு தின்ற எலிகள் சோப்ளாங்கியாக இருந்தன. படித்தபோது எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது! அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958ல் ஐதராபாத்துக்குப் போய், 1969ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அதன் இயக்குநராக இருந்த டாக்டர் சி.கோபாலன் நம்ம சேலத்தில் பிறந்தவர்.

அந்த ஆராய்ச்சிக்கெல்லாம் அரசாங்கப் பணம் இருந்தது. ஆனால் அதைப் படிக்க ஒரு ஏழைப் பொண்ணுக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

1944ல்தான் முதல் கதவு திறந்தது. அப்போது அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தார். பள்ளிப் படிப்பு முடித்து மேலே படிக்கிற தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தர ஆரம்பித்தது. இன்றைக்கு நாம் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்று சொல்கிறோமே, அதன் ஆரம்பம் அதுதான். அப்புறம் பழங்குடியினருக்கும் வந்தது. அது குறிப்பிட்ட பாடத்துக்கு என்று வந்த பணம் இல்லை. டாக்டருக்குப் படித்தாலும் மனையியல் படித்தாலும் பொருந்தும்.

பணம் வந்தாலும் படிக்கக் கல்லூரி வேணுமே. செங்கத்தில் 1919ல் பிறந்த ராஜம்மாள் தேவதாஸ் என்கிற அம்மையார் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஊட்டச்சத்தில் முனைவர் பட்டம் வாங்கி வந்தார். தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் கோயம்புத்தூரில் 1957ல் பெண்களுக்கென்று மனையியல் கல்லூரி தொடங்கினார். அந்தக் கல்லூரியை நடத்தி வளர்த்தது இந்த அம்மையார்தான். 1988ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. தானியம், பருப்பு, நிலக்கடலை, வெல்லம் என்று ஏழை வீட்டில் கிடைப்பதை வைத்தே 'குழந்தை அமுது' என்று ஒரு மாவை உருவாக்கியது அங்கேதான். "மனையியல்னா கோலம் போடறது, தையல் போடறது"ன்னு நானே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

இப்போது என் அம்மாவிடம் வருகிறேன். 1980ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. முதலில் முயற்சி செய்து பார்த்தது நம்ம கொட்டாம்பட்டி வட்டாரத்தில். மூன்று வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மாசாமாசம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைகளுக்கு மட்டும் தினமும் லட்டு கொடுப்பார்கள். உள்ளூர்ப் பெண் ஒருத்தர்தான் ஊட்டச்சத்துப் பணியாளர். லட்டு உருட்டியது ஊர்ப் பெண்கள் சேர்ந்த பணிக்குழு. நம்ம மகளிர் குழுக்கள் வருவதற்குப் பல வருஷம் முந்தியே பெண்கள் கூடி உட்கார்ந்து கணக்குப் பார்த்து வேலை செய்தது அங்கேதான். கைநிறைய மாவோடு அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மேற்பார்வைக்கு ஒரு அக்கா வருவார். லட்டு எத்தனை கிராம் என்று அவர்தான் தராசில் வைத்துப் பார்ப்பார். "கோயம்புத்தூர்ல காலேஜ் படிச்ச பிள்ளை"ன்னு அம்மா பெருமையாகச் சொல்வார்.

அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். எவளோ ஒருத்தி படித்ததால்தான் என் அம்மாவின் கையில் அளவு வந்தது. அதே 1980ல்தான் மதுரையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மனையியல் கல்லூரியும் தொடங்கியது. எங்க ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். எங்க வீட்டில் யாருக்கும் அது காதில்கூட விழவில்லை.

1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஊர்ப்புறத்தில் அதைச் சமைக்கிறது யார்? நம்ம குழுப் பெண்கள். ரவை எத்தனை கிராம், பருப்பு எத்தனை கிராம் என்று அளவு எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, அதைப் பார்த்துத்தான் விடிகாலையில் அடுப்புப் பற்ற வைக்கிறோம்.

அதே 2022 செப்டம்பர் 5ல் இன்னொன்றும் நடந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் இருந்தது திருமண உதவித் திட்டம். பிற்பாடு தாலிக்குத் தங்கமும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். அதுதான் புதுமைப் பெண் திட்டம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பொண்ணு காலேஜ் சேர்ந்தால் மாசம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். தங்கம் போச்சேன்னு நம்மில் சில பேர் புலம்பியது எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால் அது நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த 1,000 இளங்கலை முடியும் வரைக்கும்தான். எம்.எஸ்சி. போனால் கிடையாது.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை எம்.எஸ்சி.க்கும் உண்டு. பெற்றோர் வருமானம் வருஷம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நம்ம பொண்ணுக்கும் அது கிடைத்தது. ஆனால் கல்லூரி பணம் கேட்டது ஜூன் மாசம், உதவித்தொகை கணக்கில் விழுந்தது அடுத்த வருஷம் மார்ச்சில். நடுவில் அவள் அம்மா தோட்டை அடகு வைத்தார். பல கல்லூரிகளில் இந்தப் பாடம் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கிறது, கட்டணமும் கூடுதல். இன்னொரு பக்கம், 'நெட்' தேர்வில் மனையியல் ஒரு பாடமாக இருக்கிறது. அதில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் 2023 முதல் மாசம் 37,000 ரூபாய். நான் முதலில் நம்பவில்லை. ஒரு பூஜ்யம் கூடப் போட்டுட்டாங்கன்னு நினைச்சேன்.

ஆக, கீழே பணம் இருக்கிறது, மேலேயும் இருக்கிறது. நடுவில் அந்த ஆறு மாதம் மட்டும் வெறும் கிணறு. படிப்பு முடிந்ததால் உதவித்தொகை நின்றுவிடும், வேலை இல்லாததால் சம்பளமும் வராது. வங்கியில் போய்க் கேட்டோம். கல்லூரிக் கட்டணம் இல்லாத பயிற்சிக்குக் கல்விக் கடன் தர முடியாது என்றார்கள். என் தீர்மானத்தில் நான் எழுதிய அதே காரணம்! அங்கே கேட்டபோதுதான் அது எப்படிச் சுடும் என்று தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து பேசினேன். மஞ்சள் நீராட்டுக்குக் கடன் கொடுக்கிறோம், காதுகுத்துக்குக் கொடுக்கிறோம், இதற்கு ஏன் கொடுக்கக் கூடாது என்று கேட்டேன். சாம்பார் கேள்வி கேட்ட பெரியவங்களுக்குச் சர்க்கரை வியாதி. அவங்களே கேட்டாங்க: "என்னைய கஞ்சி குடி, கஞ்சி குடின்னு ஒருத்தர் சொல்றாங்க, தொடாதேன்னு இன்னொருத்தர் சொல்றாங்க. இந்தப் பிள்ளை படிச்சு வந்தா எனக்குச் சரியாச் சொல்லுமா?" சொல்லும் என்றேன். "அப்ப எழுது"ன்னாங்க.

அன்றைக்கு எழுதிய தீர்மானம் இதுதான்: பட்டப்படிப்புக்குப் பிறகு வருகிற தொழிற்பயிற்சிக் காலத்தையும் கல்விக் கடனில் சேர்த்துக்கொள்வது. பயிற்சி முடிந்து மூன்றாம் மாதத்திலிருந்து அசல் தவணை, அதுவரை வட்டி மட்டும். உதவித்தொகை உத்தரவு கையில் இருந்து, பணம் வராமல் காத்திருக்கிறவர்களுக்குக் கட்டணத் தேதிக்கு முன்பே குறுகிய காலக் கடன்.

அந்தப் பொண்ணு ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, அடுத்த அணியில் பயிற்சிக்குப் போனாள். அந்த ஆறு மாதத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. இப்போது ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். மாசம் ஐந்தாம் தேதிக்குள் தவணை வந்துவிடுகிறது. ஊருக்கு வந்தால் பெரியவங்க திண்ணையில் உட்கார்ந்து, என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்கன்னு ஒண்ணு விடாமல் கேட்கிறாள். அவங்களும் பாதிக்குப் பாதி பொய்தான் சொல்றாங்க, அதையும் கண்டுபிடிச்சிடறா.

வருகிற ஜூனில் மகளைக் காலேஜில் சேர்க்கிறவர்கள் சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றையும் மே மாதத்திலேயே தயார் பண்ணிவிட்டு மே மாதக் கூட்டத்துக்கு வாங்க. மகளையும் கூட்டிக்கொண்டு வாங்க. மனு எழுத நான் உட்கார்ந்திருப்பேன்.