சேலையூர்க் காட்டில் ஒரு சமனின்மை

1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியே சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அதற்கு நூறு வயது நிறைந்த 1937இல் பாரிமுனையை விட்டுச் சேலையூர்க் காப்புக்காட்டுக்குக் குடிவந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் துணைவியார் ஆலிஸும் இங்கே மரம் வளர்த்த கதை ஊரறிந்தது. அந்த நிழலில் வளர்ந்த கணக்கைப் பற்றி அதிகம் பேர் பேசியதில்லை.

கணிதத் துறையின் வேர் பாரிமுனைக் காலத்தது. இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் முன்பே அவரை அறிந்திருந்த இ. பி. ராஸ் இத்துறையின் ஆசிரியர். அந்த வரிசையில் 1931இல் வந்து சேர்ந்தவர் பேராசிரியர் சி. டி. ராஜகோபால். 1903இல் திருவல்லிக்கேணியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் 1925இல் ஆனர்ஸ் முடித்தவர். சிறிது காலம் எழுத்தர் வேலை, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அதன் பின் இங்கே இருபது ஆண்டுகள். பகுப்பியல் நடத்துவதில் அவருக்கு நிகரில்லை என்று பெயர் எடுத்தார்.

பாடம் நடத்திய கையோடு ஆய்வும் எழுதினார். இந்தியக் கணிதக் கழகத்தின் 'மேத்தமேடிக்ஸ் ஸ்டூடண்ட்' இதழில் காரத்தியோடோரியின் சமனின்மையையும் அதைச் சார்ந்த முடிவுகளையும் பற்றி 1941இல் ஒரு கட்டுரை, 1947இல் அதன் தொடர்ச்சி. இரண்டும் சேலையூர்க் காலத்தவை.

அந்தச் சமனின்மை என்ன சொல்கிறது? அலகு வட்டத்துக்குள் ஒரு பகுமுறைச் சார்பை அடுக்குத் தொடராக விரிக்கிறோம். முதல் உறுப்பு 1; சார்பின் மெய்ப்பகுதி எங்கும் குறை எண் ஆவதில்லை. அப்படியானால் அடுத்து வரும் எந்தக் கெழுவின் அளவும் 2ஐத் தாண்டாது. காரணம் எளிது. விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு வட்டம் வரைந்தால், அதைச் சுற்றி மெய்ப்பகுதியின் சராசரி 1. அவ்வட்டத்தில் சார்பின் ஃபூரியர் கெழு, அதாவது தொடரின் கெழுவை ஆரத்தின் உரிய அடுக்கால் பெருக்கியது, அதே மெய்ப்பகுதியை அளவு மாறாமல் சுழலும் ஒரு கலப்பெண்ணால் பெருக்கி எடுத்த சராசரியின் இருமடங்கு. மெய்ப்பகுதி குறை எண் ஆகாததால், சுழற்சியால் சராசரியின் அளவு குறையலாம், அதிகரிக்காது. வட்டத்தை விளிம்பு நோக்கி நகர்த்தினால் 2 என்ற வரம்பு கிடைத்துவிடும். இந்த 2ஐ 1.99 ஆக்கவும் வழியில்லை: 1+z என்பதை 1−z ஆல் வகுத்துப் பாருங்கள், 1க்குப் பிறகு எல்லாக் கெழுவும் 2 என்றே வரும்.

வட்டமும் தொடரும் அவரை இன்னொரு பக்கமும் இழுத்தன. வட்டத்தின் சுற்றளவைக் கேரளக் கணிதர்கள் கண்ட முறையைப் பற்றி 1944இல் முகுந்த மாராருடன் சேர்ந்து எழுதினார். 1, −1/3, 1/5 என்று செல்லும் அந்தத் தொடர் ஐரோப்பாவில் கிரிகரியின் பெயரால் வழங்கியது. அவருக்கு வெகு காலம் முன்பே அது கேரளத்தில் தெரிந்திருந்தது என்பதையும், அதன் முதல்வர் மாதவர் என்பதையும் நிலைநாட்டியதில் ராஜகோபாலுக்குப் பெரும் பங்கு உண்டு.

அழகப்பச் செட்டியார் நிறுவிய இராமானுஜன் கணித நிறுவனம் 1951இல் ராஜகோபாலை அழைத்துக்கொண்டது. 1955இல் அதன் இயக்குநர் விஜயராகவனின் மறைவுக்குப் பின் தலைமை ஏற்று, 1969 வரை இருந்தார். பெரிய ஆய்வு நிறுவனத்தின் துணை கிடைக்கும் முன்பே, வகுப்பு மணிக்கும் விடைத்தாளுக்கும் இடையில், புறநகர்க் கல்லூரி ஒன்றிலிருந்து இத்தனையும் எழுதியிருக்கிறார். துறையின் பெருமையைத் தேர்ச்சி விகிதத்தில் மட்டும் தேடுவோர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1978 ஏப்ரல் 25 அன்று அவர் மறைந்தார். கல்லூரி தன்னாட்சி பெற்றதும் அதே ஆண்டில்தான். இம்மலரைக் கையில் வைத்திருக்கும் கணித மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேலே சொன்ன நிரூபணத்தை ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள். அரைப் பக்கம் போதும்.