யாங்கே: வயலும் வீதியும்

வட சீனக் கிராமங்களில் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் ஆடல் ‘யாங்கே’ எனப்படும். ‘நாற்றுப் பாட்டு’ என்பது அச்சொல்லின் பொருள். பெயர் நெல்வயலை நினைவூட்டினும், தினை விளையும் வறண்ட வட ஷென்சியிலும் இவ்வாடல் ஆழ வேரூன்றியிருந்தமை கவனிக்கத்தக்கது. உழவு ஓய்ந்திருக்கும் புத்தாண்டுக் காலமே இதற்குரிய பருவமாகும். முரசும் தாளமும் குழலும் முழங்க, விசிறியும் பட்டுத்துணியும் ஏந்தியோர் வீடுதோறும் சென்று ஆடினர். குடையேந்திய தலைவர் இடத்திற்கேற்ப வாழ்த்துப் பாடல்களைப் புனைந்து பாடினார். தெய்வ வழிபாடும் காதற் கேலியும் இவ்வாடலில் ஒருங்கே இடம்பெற்றன.

1942 மே மாதம் யெனானில் நடைபெற்ற கலை இலக்கியக் கருத்தரங்கிலே, கலை தொழிலாளருக்கும் விவசாயிகளுக்கும் போர்வீரருக்கும் உரியதாதல் வேண்டும் என மாவோ சேதுங் வலியுறுத்தினார். அதனைத் தொடர்ந்து 1943 இல் ‘புதிய யாங்கே’ இயக்கம் தோன்றியது. நகரங்களிலிருந்து யெனானுக்கு வந்திருந்த கலைஞர்கள் கிராமத்து ஆடலைப் பயின்று, தரிசு நிலத்தைப் பண்படுத்துதல், எழுத்தறிவு முதலியவற்றைப் பொருளாகக் கொண்ட சிறு நாடகங்களை ஆக்கினர். 1945 இல் அரங்கேறிய ‘வெண்கூந்தற் பெண்’ என்னும் இசைநாடகமும் இம்முயற்சியின் வழிவந்ததே. அதேவேளை வழிபாட்டுக் கூறுகளும் காதற் கேலியும் நீக்கப்பட்டன. சில குழுக்களிற் குடையின் இடத்தை அரிவாளும் சுத்தியலும் பெற்றன. 1949 இல் மக்கள் விடுதலைப் படை பெய்ஜிங்கினுள் நுழைந்தபோது வீதிகளில் ஆடப்பட்டது, எவரும் எளிதிற் பழகக்கூடியவாறு சுருக்கப்பட்ட யாங்கேயே.

இம்மாற்றத்தை வெறும் பிரசாரமென ஒதுக்குதல் பொருந்தாது. கற்றோர் இழிவாகக் கருதிய ஒரு கலை, தேசிய அரங்கினை அடைந்தது இதனாலேயே. ஆயினும், மக்களின் பெயரால் நிகழ்ந்த திருத்தத்தில், எதனை வைத்துக்கொள்வது, எதனை விலக்குவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பெரும்பாலும் மக்களிடம் இருக்கவில்லை. குடையேந்தியவரின் உடனடிப் புனைவு ஊராரின் சொந்தக் குரலாகும். எழுதி அளிக்கப்பட்ட உரையாடல் அதற்கு ஈடாகாது.

வரலாறு இதற்கொரு விடையையும் தந்துள்ளது. 1980களிற் கிராமத் திருவிழாக்கள் மீண்டும் தலையெடுத்தபோது பழைய யாங்கேயும் உடன் மீண்டது. 1990களிற் பெய்ஜிங்கின் தெருவோரங்களிலும் பூங்காக்களிலும் ஓய்வுபெற்ற முதியோர், குறிப்பாகப் பெண்கள், தம் மகிழ்ச்சிக்காக அதனை ஆடினர். 2006 இல் வட ஷென்சி யாங்கே உட்படப் பல பிரதேச வடிவங்கள் சீனாவின் தேசிய மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. பட்டியல் ஒரு கலைக்கு மதிப்பை அளிக்கலாம். உயிரை அளிப்பவர் ஆடுவோரே. மக்கட் கலை என்னும் பெயர், அதனை மாற்றவும் மறுக்கவும் மக்களுக்கு உரிமை உள்ளபோதே பொருள்பெறும்.