கைக்கடிகாரத்தில் தெரியும் சர்க்கரை அளவு: ஓர் எண்ணின் வரலாறு

ரமளான் நெருங்கும்போதெல்லாம் நம் இல்லங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு. சர்க்கரை நோயுடைய அத்தாவோ அம்மாவோ இவ்வாண்டு நோன்பு நோற்கலாமா என்பதே அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் துணையுடன் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒருங்கிணைத்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. இக்கேள்வி எழாத தெரு இன்று அரிது. அண்மைக் காலமாக இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கையில் ஒட்டிய சென்சார் காட்டும் அளவைக் கடிகாரத்திலேயே பார்க்கலாம் என்கிறார்களே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? அந்த எண் கடிகாரத்திற்கு வந்துசேர்ந்த வரலாற்றை அறிந்தால் இதற்கு விடை காண்பது எளிதாகும்.

பண்டை நாளில் நோயை அறிந்தது நாவும் கண்ணும்தாம். சிறுநீர் தேனைப் போல் இனிப்பதையும் அதில் எறும்பு மொய்ப்பதையும் பண்டைய இந்திய மருத்துவர்கள் கண்டு, அந்நோய்க்கு மதுமேகம் என்று பெயரிட்டனர். 1037இல் மறைந்த பேரறிஞர் இப்னு ஸீனா, தமது ‘அல்கானூன் ஃபித்திப்’ நூலில் நீரிழிவின் அடையாளங்களை விவரித்தார். இனிப்புக்குக் காரணம் சர்க்கரையே என்பதை 1776இல் இங்கிலாந்தின் மாத்யூ டாப்சன், சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து மெய்ப்பித்தார். 1908இல் ஸ்டான்லி பெனடிக்ட் உருவாக்கிய நீலக் கரைசல் ஆய்வகங்களுக்கு வந்தது. அக்கரைசலில் சிறுநீர்த் துளிகளை விட்டுக் கொதிக்கவைத்தால், சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என நிறம் மாறும். ஆனால் சில மணி நேரத்திற்கு முன் உடம்பில் நிகழ்ந்ததையே அந்த நிறம் சொல்லிற்று. இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டதா என்பதை அதனால் சொல்ல இயலவில்லை.

தமிழ்நாட்டில் இந்நோய்க்கெனத் தனிக் கவனம் பிறந்தது சென்னையில். 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் மு. விசுவநாதன் நீரிழிவுக்கான தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை இன்றளவும் இயங்கி வருகின்றது. அக்காலத்தில் அளவு பார்க்க வேண்டுமானால் நோயாளிதான் மருத்துவமனை தேடிச் செல்ல வேண்டும். எண் மருத்துவரின் ஏட்டில் இருக்கும். வீட்டாருக்கு அறிவுரை மட்டுமே வந்துசேரும்.

இந்நிலையை மாற்றியது 1965இல் வெளிவந்த டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் என்னும் பட்டை. அதன்மீது ஒரு துளி இரத்தம் வைத்து, ஒரு நிமிடம் கழித்துக் கழுவி, நிற அட்டையோடு ஒப்பிட்டனர். 1970ஐ ஒட்டி அந்நிறத்தை எண்ணாகக் காட்டும் கருவியும் வந்தது. எனினும் அது மருத்துவர்களுக்கே விற்கப்பட்டது. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பொறியாளர் சிறுவயது முதல் இந்நோயுடன் வாழ்ந்தவர். மருத்துவரான தம் மனைவியின் பெயரில் அக்கருவியை வாங்கித் தம் இரத்தத்தைத் தாமே நாள்தோறும் பலமுறை சோதித்தார். பொறியாளர் சொல்வதை மருத்துவ உலகம் செவிமடுக்காததால், நாற்பது வயதைக் கடந்தபின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தாமே மருத்துவரானார். இன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும் குளுக்கோமீட்டர் அத்தகையோரின் பிடிவாதத்தால் கிடைத்தது.

விரலைக் குத்தாமல் தொடர்ந்து அளக்கும் வழிக்கு வித்திட்டவர் லேலண்ட் கிளார்க். குளுக்கோஸைச் சிதைக்கும் ஒரு நொதியை மின்முனையோடு இணைத்தால் அளவு மின்சாரமாக வெளிப்படும் என்பதை 1962இல் அவர் காட்டினார். இன்றைய சென்சார்களுள் பெரும்பாலானவை இம்முறையிலேயே இயங்குகின்றன. தோலுக்கடியில் மயிரிழை போன்ற ஒரு நூல் செல்கின்றது. அது இரத்தத்தில் நேராக அளப்பதில்லை. உயிரணுக்களுக்கு இடையிலுள்ள நீரில் அளக்கின்றது. ஆகவே சர்க்கரை விரைந்து ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் எண் இரத்தத்தின் நிலைக்குச் சில நிமிடங்கள் பின்தங்கும். 1999இல் அமெரிக்கா அனுமதித்த முதல் தொடர் அளவைக் கருவி, மூன்று நாள் பதிவைச் சேமித்துப் பின்னர் மருத்துவருக்கு மட்டுமே காட்டியது. 2001இல் குளுக்கோவாட்ச் என்னும் கைக்கடிகாரம் வந்தது. மெல்லிய மின்னோட்டத்தால் தோல் வழியே குளுக்கோஸை ஈர்த்து அது அளந்தது. தோல் எரிச்சலும் வியர்வையால் ஏற்பட்ட தடையும் அதனை நிலைக்கவிடவில்லை. சில ஆண்டுகளில் மறைந்தது.

கடிகாரத்தில் எண் நிலைபெற்றது ஒரு தந்தையின் கவலையால். நியூயார்க் மாநிலத்தில் வாழ்ந்த ஜான் காஸ்டிக் என்ற பொறியாளரின் நான்கு வயது மகனுக்கு 2012இல் முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்டது. மகன் அணிந்த சென்சாரின் எண் அருகிலிருந்த சிறு கருவியில் மட்டுமே தெரிந்தது. சில அடி தூரம் தாண்டினால் தெரியாது. பணியிடத்திலிருந்து மகனின் நிலையை அறிய விரும்பிய அவர், 2013இல் அக்கருவியின் எண்களை இணையத்திற்கு அனுப்பும் நிரலைத் தாமே எழுதினார். பிற பெற்றோரும் பொறியாளர்களும் கைகோத்தனர். அம்முயற்சி நைட்ஸ்கவுட் என்ற பெயருடன் 2014இல் எவரும் விலையின்றி எடுத்தாளும் வகையில் வெளியிடப்பட்டது. பெபிள் என்ற எளிய கைக்கடிகாரத்தில் பிள்ளையின் சர்க்கரை அளவைப் பெற்றோர் கண்டனர். இனிக் காத்திருக்க மாட்டோம் என்பதே அவர்கள் முழக்கம். 2015 ஜனவரியில், உற்பத்தி நிறுவனத்தின் சொந்தப் பகிர்வுச் செயலிக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

இவ்வரலாறு நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகின்றது. கடிகாரம் அளப்பதில்லை. தோலில் உள்ள சென்சார் அளந்ததைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வாங்கிக் காட்டுவதே அதன் பணி. சென்சாரே இல்லாமல், தோலைத் துளைக்காமல் சர்க்கரையைக் காட்டுவதாகக் கூறிக் கடிகாரங்களும் மோதிரங்களும் விற்கப்படுகின்றன. அத்தகைய கருவி எதற்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. பொய்யான எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே கேடு விளையும்.

மலையூர்களில் வாழ்வோர் மேலும் ஒன்றைக் கருத வேண்டும். சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்துள்ள கரடியூரில் சென்சார் அணிந்த ஒரு முதியவர் இருப்பதாகவும், அவர் மகன் துபாயில் பணிபுரிவதாகவும் வைத்துக்கொள்வோம். சென்சாரிலிருந்து அருகிலுள்ள கைபேசிக்கு எண் செல்ல இணையம் வேண்டியதில்லை. துபாயிலுள்ள மகனின் கடிகாரத்தை அடைய இரு முனைகளிலும் இணையம் வேண்டும். இடையில் அலைவரிசை அறுந்தால் மகன் காண்பது பழைய எண்ணாக இருக்கக்கூடும். ஆதலால் எண்ணோடு அது வந்த நேரத்தையும் பார்த்தல் அவசியம். அளவு 70க்குக் கீழே இறங்கினால் உடனே 15 கிராம் அளவு சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் புகட்டலாகாது. மருத்துவ உதவியை நாடுதல் வேண்டும். சேலத்திற்கு இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. துபாயில் கடிகாரம் அதிர்ந்தாலும் சர்க்கரையை எடுத்துக் கொடுக்க வேண்டியது வீட்டிலிருக்கும் ஒரு கைதான்.

இனி நோன்பைப் பற்றிப் பார்ப்போம். 2001இல் 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளிடம் நடந்த எபிடியார் ஆய்வு, ரமளானில் கடுமையான சர்க்கரைத் தாழ்வு முதல் வகையினரிடம் 4.7 மடங்கும் இரண்டாம் வகையினரிடம் 7.5 மடங்கும் கூடியதைக் கண்டது. அளவு 70க்குக் கீழிறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமளான் வழிகாட்டுதல். ‘இரத்தம் எடுத்தால் நோன்பு முறியும்’ என்று அஞ்சிச் சோதிக்காமலே இருப்போர் நம்மிடையே உள்ளனர். பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. சென்சாரோ உடலுக்குள் உணவையும் மருந்தையும் செலுத்துவதில்லை. இதற்குப் பின்னும் ஐயமுடையோர் தம் ஊர் ஆலிம்களிடமும் மருத்துவரிடமும் ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே கலந்துகொள்ளலாம். நோயாளிக்குச் சலுகை அளித்தவன் இறைவன். எண் எச்சரிக்கும்போது அச்சலுகையை ஏற்பது பலவீனமாகாது.

சென்சார்கள் 10 முதல் 15 நாட்களில் மாற்றப்பட வேண்டியவை. எல்லாக் குடும்பங்களுக்கும் அவற்றின் விலை கட்டுபடியாகாது. இயலாதோர் விரல்நுனிச் சோதனையை முறையாகச் செய்தாலே பெரும் பயனுண்டு. சென்சார் அணிந்தவரும், உடல் சொல்வதும் கடிகாரம் காட்டுவதும் முரண்பட்டால் விரல்நுனியில் சோதித்து உறுதிசெய்தல் நன்று.

ஒருவரின் உடல்நிலையை மற்றவர் தொலைவிலிருந்து காண்பது அமானிதமாகும். அணிபவரின் சம்மதத்தோடே அதைக் காண வேண்டும். எண் ஏறியதும், ‘என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று அதட்டத் தொடங்கினால், அவர் ஒருநாள் சென்சாரைக் கழற்றி வைத்துவிடுவார். மகன் பசித்தும் சோர்ந்தும் விழுந்துவிடக் கூடாதே என்ற பரிவுதான் அந்த எண்ணை முதன்முதலில் ஒரு தந்தையின் கடிகாரத்தில் சேர்த்தது. அதே பரிவோடு நாமும் அதைப் பார்ப்போமாக.