நாகலகம் வீதி அளவுகோலும் உம்மும்மாவின் கதவு நிலையும்

மழை பிடித்துக்கொண்டால் வானொலிச் செய்தியில் தவறாமல் வரும் பெயர் நாகலகம் வீதி. களனி கங்கை கடலில் விழுவதற்குச் சற்று முன்னால், கிராண்ட்பாஸ் பக்கம், அங்கே ஒரு நீர்மட்ட அளவுகோல் நிற்கிறது. கித்துல்கல, ஹன்வெல்ல போன்ற மேற்பகுதிகளின் கணக்கை மீற்றரில் சொல்வார்கள். நாகலகம் வீதிக் கணக்கு மட்டும் இன்றைக்கும் அடியில்தான். வெல்லம்பிட்டியில் வாழ்ந்த என் உம்மும்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் இந்த அடிக்கணக்கு மனப்பாடம். "அஞ்சு தாண்டிட்டாம் மகன், அரிசி மூட்டைய மேல ஏத்துங்க" என்பார்.

அந்த அஞ்சுக்கு ஒரு வரலாறு உண்டு. நாகலகம் வீதியில் நீர் 5 அடியைத் தொட்டால் சிறு வெள்ளம், 7 அடியில் பெரு வெள்ளம், 9 அடியில் அபாய வெள்ளம், 12 அடிக்கு மேல் மிக அபாயகரமான வெள்ளம் என்று நீர்ப்பாசனத் திணைக்களம் வகுத்து வைத்திருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் 1924 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. கொழும்பு நகரைக் காக்க கங்கையோரமாக மண்கட்டுகளும் நீர்க்கதவுகளும் எழுந்தன. அதோடு கங்கைக்கரைச் சனங்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்: கட்டுக்கு உள்ளே இருப்பவர்கள், கட்டுக்கு வெளியே இருப்பவர்கள். உள்ளே இருப்பவருக்குச் சிறு வெள்ளம் ஒரு செய்தி. வெளியே இருப்பவருக்கு அது அடுப்படிக்குள் தண்ணீர்.

கடந்த நூற்றாண்டில் பெரியவர்கள் அதிகம் பேசுவது 1947 ஆகஸ்ட் வெள்ளம். நாகலகம் வீதியில் 12.85 அடி. எங்கள் பக்கத்தில் வயது சொல்லும்போதுகூட, "நாப்பத்தேழு வெள்ளத்துக்கு நான் கைப்புள்ள" என்றுதான் சொல்வார்கள். அடுத்தது 1989 ஜூன், 9.2 அடி. அதற்கடுத்தது 2016 மே, 7.65 அடி. இப்படி எண்களை மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தால் வெள்ளம் குறைந்துகொண்டே வந்தது போலத் தெரியும்.

உம்மும்மாவின் கதவு நிலை வேறு கதை சொல்கிறது. 1989 இல் தண்ணீர் வடிந்த அன்றே, சேற்றுக்கறை நின்ற உயரத்தில் கத்தியால் ஒரு கோடு கீறி வைத்தார். 2016 இல் அவர் இல்லை, நாங்கள் கீறினோம். பழைய கோட்டுக்கு நாலு விரல்தான் கீழே. கங்கையின் அளவுகோலில் ஒன்றரை அடி வித்தியாசம், எங்கள் வீட்டில் நாலு விரல்.

இதற்கு நான் காணும் காரணம் நிலம். கொலன்னாவைப் பக்கம் கங்கை பெருகினால் தண்ணீர் போய்ப் படுக்கும் சதுப்புகள் இருந்தன. 1968 இல் தாழ்நிலங்களை மீட்பதற்கென்றே ஒரு சபையைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். சதுப்பு "மீட்கப்பட்டது". மண்ணும் குப்பையும் கொட்டி நிரப்பிய இடத்தில் களஞ்சியமும் வீடும் வீதியும் வந்தன. அதில் எங்கள் ஆட்களின் பங்கும் உண்டு. மலிவாகக் கிடைத்த காணியை வாங்கி, நாங்களும் மண் போட்டு உயர்த்தினோம். தண்ணீர் படுக்க இடமில்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. மேட்டிலே கட்டியவன் தப்பினான், பழைய பள்ளத்து வீட்டுக்காரன் முழுகினான்.

ஒரு வீட்டுக் கோட்டை வைத்து வரலாறு எழுத முடியாது என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். நியாயம்தான். சதுப்பு மண்ணில் வீடே கொஞ்சம் தாழ்ந்திருக்கலாம். அதனால்தான் ஒரு கோடு போதாது, நூறு கோடு வேண்டும் என்கிறேன்.

2016 இல் எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல்களில் சோறாக்கி, இன, மத வேறுபாடு பார்க்காமல் தோணியிலே கொண்டுபோய்க் கொடுத்ததை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பள்ளிகளின் சுவரில் தண்ணீர் எதுவரை நின்றது என்பதை எத்தனை நிர்வாகம் குறித்து வைத்தது? வெள்ளம் வடிந்ததும் முதல் வேலையாகச் சுண்ணாம்பு அடித்துவிட்டோம். எங்கள் பள்ளியிலும் அப்படித்தான், நானும் தூரிகை பிடித்தவன்.

நாகலகம் வீதி அளவுகோல் கங்கையின் உயரத்தைச் சொல்லும். கங்கை எந்த வீட்டுக்குள் எவ்வளவு ஏறியது என்பதை அந்த வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். மட்டக்குளியிலிருந்து கடுவெல வரை கரையோரப் பள்ளி ஒவ்வொன்றும் தன் சுவரில் கோடு போட்டு, ஆண்டையும் திகதியையும் பொறிக்கட்டும். முதியவர்கள் இருக்கும்போதே பழைய வெள்ளங்களின் உயரத்தைக் கேட்டு எழுதட்டும். நாளைக்கு இன்னொரு சதுப்பை நிரப்ப வரும்போது, வேண்டாமென்று சொல்ல எங்கள் கையில் இருக்கப்போகும் ஆவணம் அதுதான்.

எங்கள் வீட்டைப் போன மாதம் இடித்துக் கட்டத் தொடங்கினோம். கதவு நிலையை மட்டும் கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.